அந்த ஃபைலைப் பரணில் ஏற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், கல்யாண வயதில் பெண் இருப்பவர்களும் கட்டாயம் படியுங்கள்.

நம் வாட்ஸப் குழுக்களில் அவ்வப்போது இப்படி ஒரு செய்தி வருகிறது. "குழந்தைக்கு ஹார்ட்டில் வால்வு பிரச்சினை இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனிமேல் ஒன்றும் இல்லை, பூரண குணம்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போடுவேன். அந்தப் பெற்றோர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று தெரியும். சந்தோஷப்படட்டும்.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் எனக்குச் சண்டை. "பூரண குணம்" என்று சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவுக்குப் போகிறது. இரண்டு வருடத்தில் பரணுக்குப் போகிறது. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்கும் போய்விடுகிறது.

இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. "இதய நோயாளிப் பிள்ளை" என்று பட்டம் கட்டி, ஓடாதே, குதிக்காதே, மாடி ஏறாதே என்று மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதுவும் தப்பு.

பிறவியிலேயே வால்வு கோளாறோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் இன்று நன்றாக வளர்கிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் இதய டாக்டரோடு அவர்களுக்கு உள்ள தொடர்பு ஆயுசுக்கும் விட்டுப்போகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் மொத்த சாரம்.

நான் டாக்டர் இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு ஆயுள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். மாத்திரை, தேதி, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். பாடத்தைப் புரியும்படி சொல்வது மட்டும் என் வேலை.

வால்வு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரை மேலே போகவிடும், கீழே இறங்கவிடாது. அதே வேலைதான். இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். இரத்தம் ஒரே திசையில் போகவேண்டும் என்பதற்காக அந்த நான்கும் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. பச்சைக் குழந்தைக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிப்பதால் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

ஃபுட்வால்வு இரண்டு விதமாகக் கெடும். சரியாகத் திறக்காமல் அடைத்துக்கொள்ளும், அல்லது சரியாக மூடாமல் ஒழுகும். இதய வால்வுக்கும் இதே இரண்டுதான். திறக்காவிட்டால் "குறுகல்" என்கிறார்கள், மூடாவிட்டால் "கசிவு" என்கிறார்கள். இரண்டிலும் மோட்டார்தான் சிரமப்படும். இதயத் தசை கூடுதல் பாரம் இழுத்து இழுத்துத் தடிக்கும், அல்லது பலூன் போல விரியும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

நம் ஊரில் "வால்வு கோளாறு" என்றதும் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பள்ளி வயதில் தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டுவலிக் காய்ச்சல், அதனால் வால்வு கெடுவது. அது பிறந்த பிறகு வருவது, அதற்கு வைத்தியமும் வேறு. நான் பேசுவது வயிற்றில் இருக்கும்போதே வால்வு சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அதில் ஒரு பகுதி வால்வு சம்பந்தப்பட்டது. அடிக்கடி காதில் விழும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு குறுகியிருப்பது. முன்பெல்லாம் இதற்கு நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன். 1982-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை இதய மருத்துவர் ஜீன் கான் குழுவினர், தொடை இரத்தக்குழாய் வழியாகச் சின்ன பலூனைக் கொண்டுபோய் வால்வுக்குள் வைத்து விரித்து அதைத் திறந்து காட்டினார்கள். இன்று நம் தமிழ்நாட்டிலும் அதுதான் முதல் வைத்தியம். இந்த வகைக் குழந்தைகளின் எதிர்காலம் மிக நன்றாக இருக்கிறது. பலருக்கு ஒரு பலூனோடு வேலை முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் பிற்காலத்தில் அந்த வால்வு கசிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது, உடம்பு முழுவதற்கும் இரத்தம் போகும் பெருந்தமனி வாசலில் உள்ள வால்வு. அதற்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டுதான் இருக்கும். 100 பேரில் 1 முதல் 2 பேருக்கு இப்படி இருக்கிறது, ஆண்களுக்கு அதிகம். பெரும்பாலோருக்குக் குழந்தையில் எந்தத் தொல்லையும் இருக்காது. 40, 50 வயதில் வால்வு தடித்துச் சுண்ணாம்பு ஏறிக் குறுகும்போதுதான் தெரியவரும். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கடுமையாகக் குறுகியிருக்கும். அவர்களுக்கும் பலூன் வைக்கிறார்கள். ஆனால் இங்கே பலூன் என்பது பெரும்பாலும் தவணை வாங்குவது. குழந்தை வளர நேரம் கிடைக்கும். பின்னால் மறுபடி ஒரு சிகிச்சை தேவைப்படுபவர்கள் நிறைய.

மூன்றாவது, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகள். இதில் முக்கியமானதற்கு, 1888-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வால்வு குறுகல், இதய அறைகளுக்கு நடுவில் ஓட்டை என்று நான்கு குறைகள் சேர்ந்து வருவது.

இந்த மூன்றாவதின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் சண்டைக்கு ஆதாரமே அதில்தான் இருக்கிறது.

1944-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நீலக் குழந்தைகளுக்கு முதல் ஆபரேஷன் நடந்தது. குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் யோசனை சொன்னார். அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் கத்தியைப் பிடித்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத, கறுப்பினத்தைச் சேர்ந்த ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ், நாய்களிடம் அந்த முறையைச் செய்து பார்த்துப் பழகியிருந்தவர், பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். அது தற்காலிக வழி. குறையையே நேராகச் சரிசெய்யும் ஆபரேஷன் 1954-இல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லெஹேய் குழுவால் நடந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? "பூரண குணம்" என்றுதான். நீலம் போனது, குழந்தை ஓடியது. குறுகிய வால்வை அகலப்படுத்தி ஒட்டுப் போட்டதில் வால்வு மூடாமல் கசிந்தது. ஆனால் அந்தக் கசிவு பெரிய பாதகமில்லை என்றே மருத்துவர்களும் பல வருடம் எண்ணியிருந்தார்கள். அந்தக் குழந்தைகள் 25, 30 வயதான பிறகுதான் உண்மை தெரிந்தது. கசிவினால் வலது பக்க இதய அறை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போயிருந்தது. சிலருக்கு இதயத் துடிப்பே தாளம் தப்பியது. பலருக்குப் புது வால்வு வைக்க வேண்டி வந்தது.

தொடர்ந்து செக்கப்புக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இந்தப் பாடத்தையே படித்தது. இன்று எப்போது வால்வு மாற்ற வேண்டும் என்று அளந்து சொல்ல முடிகிறது. 2000-ஆம் ஆண்டில் பாரிஸில் ஃபிலிப் பான்ஹோஃபர் நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே அந்த வால்வை வைத்துக் காட்டினார். சரியான நேரத்தில் வந்தால் இத்தனை வசதி இருக்கிறது. காலம் தாழ்த்தி வந்தால், வால்வை மாற்றினாலும் விரிந்த இதயம் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

ஃபாலோ குறையைச் சரிசெய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு 30 வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். பணக்கார நாடுகளில் இன்று பிறவி இதயக் குறையோடு வாழும் குழந்தைகளைவிடப் பெரியவர்களின் எண்ணிக்கை அதிகம். இது எவ்வளவு பெரிய வெற்றி! அந்த வெற்றியால்தான் "வளர்ந்த பிறகு என்ன?" என்ற கேள்வியே வந்தது.

இரண்டு பேரை உதாரணம் காட்டுகிறேன், இருவரும் உலகம் அறிந்தவர்கள். ஷான் ஒயிட் என்ற அமெரிக்க வீரர், பனிச்சறுக்கில் 2006, 2010, 2018 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். அவர் ஃபாலோ குறையோடு பிறந்து, ஒரு வயது ஆகும் முன்பே இரண்டு இதய ஆபரேஷன் பார்த்தவர். "ஓடாதே" என்று பிள்ளையை உட்கார வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொருவர் நம் பையன்களுக்கெல்லாம் தெரிந்த அர்னால்டு. 'ஐ' படப் பாட்டு வெளியீட்டுக்குச் சென்னைக்கு வந்தாரே, அவரேதான். அந்த உடம்புக்குள் இருந்தது இரண்டு இதழ் வால்வு. 1997-இல் ஆபரேஷன் செய்துகொண்டார். அத்தோடு முடிந்ததா? 2018-இல் மறுபடி ஒரு வால்வு மாற்றம், 2020-இல் இன்னொன்று. நடுவில் கலிஃபோர்னியாவுக்குக் கவர்னராகவும் இருந்தார். முறையாகப் பரிசோதனைக்குப் போனார், மாற்ற வேண்டியபோது மாற்றினார், வேலையைப் பார்த்தார். நான் சொல்லும் பாடம் இதுதான்.

அடுத்து, வால்வையே மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும்? பெற்றோர் பலருக்கு இது விளங்குவதில்லை. வைக்கும் வால்வு குழந்தையோடு சேர்ந்து வளராது. ஐந்து வயதில் தைத்த சட்டை பதினைந்து வயதில் பத்துமா? அதனால்தான் டாக்டர்கள் முடிந்தவரை சொந்த வால்வையே சரிசெய்து காலம் ஓட்டப் பார்க்கிறார்கள்.

மாற்று வால்வு இரண்டு வகை. விலங்குத் திசுவில் செய்தது ஒன்று, செயற்கை உலோக வகை இன்னொன்று. திசு வால்வு சின்ன வயதினருக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். செயற்கை வால்வு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் இரத்தம் அதில் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் குறைந்த விலையில் ஒரு செயற்கை வால்வை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இதுவரை 1 லட்சம் பேருக்கு மேல் பயன்பட்டிருக்கிறது. நம் நாட்டு அறிவால் நம் ஏழைகள் பிழைத்த கதை அது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்த மாத்திரை, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்று எழுதித் தருவார்கள். அளவு சரியா என்று ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டி உறையும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தானாக நிறுத்தக் கூடாது. வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு மாணவியின் கதை. அவள் அனுமதியோடு, ஊர் பேர் சொல்லாமல் எழுதுகிறேன். பெருந்தமனி வால்வு குறுகலோடு பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே பலூன் வைத்தார்கள். பத்து வயது வரை செக்கப்புக்குப் போனார்கள். பிறகு நின்றுவிட்டது. அவள் பூப்பெய்திய பிறகு, "ஹார்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்ற பேச்சு வீட்டில் வந்துவிட்டது. அவளிடமும், "குழந்தையில் ஏதோ சின்னப் பிரச்சினை, சரியாகிவிட்டது" என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.

ஆறாம் மாதம் அவளுக்கு மூச்சு வாங்கியது. படுத்தால் தூங்க முடியவில்லை. "புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். குறுகிய வாசல் வழியாக அவ்வளவையும் இதயம் தள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயதில் என்ன செய்தார்கள்? ஃபைல் எங்கே?" என்பதுதான். ஃபைல் இல்லை. என்ன குறை என்று சொல்ல அவளுக்கும் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று அழுதாராம்.

தாயும் சேயும் பிழைத்தார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வால்வு மாற்றினார்கள். இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை மனதில் நிற்கிறது. "டீச்சர், என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது."

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "உண்மையைச் சொன்னால் எந்த வீட்டில் டீச்சர் பெண் எடுப்பார்கள்?" நியாயமான பயம்தான். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. இதே ஃபைல் ஒரு பையனுடையதாக இருந்தால் அவன் கல்யாணம் நிற்காது, பெண்ணுடையதாக இருந்தால் தரகரே திரும்பி வரமாட்டார். நம் சமூகத்தின் லட்சணம் அது.

ஆனாலும் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். முதலில் அந்தப் பெண்ணுக்கு. இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை, உடம்பு அவளுடையது. இரண்டாவது, அவளைக் கைப்பிடிப்பவனுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் பக்கத்தில் இருக்கப்போவது அவன்தான். தெரிந்து விலகுகிறவன் இப்போதே விலகட்டும். தெரியாமல் வந்து, பிறகு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லிக் காட்டும் வீட்டில் அவள் வாழ்வதைவிட அது மேல்.

நிச்சயம் செய்வதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு தடவை பெண்ணை அழைத்துப்போய்க் கேளுங்கள்: "இவள் பிள்ளை பெறலாமா? அதற்கு முன் ஏதாவது சரிசெய்ய வேண்டுமா?" பெரும்பாலோருக்குப் பதில், "தாராளமாகப் பெறலாம், கண்காணிப்பில் இருக்க வேண்டும்" என்றுதான் இருக்கும். சிலருக்கு, "முதலில் வால்வைச் சரிசெய்துவிட்டு" என்பார்கள். மிகச் சிலருக்கு, "வேண்டாம்" என்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. வார்ஃபரின் வகை மாத்திரை கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. மாத்திரையைத் தானாக நிறுத்தினாலோ தாய்க்கு ஆபத்து. அதனால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரோடு திட்டமிட வேண்டும். ஃபைலை மறைத்த வீட்டில் இதையெல்லாம் எப்படிப் பேசுவீர்கள்?

பையன் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பெண் வீட்டார் தாங்களாகவே இதைச் சொன்னால், முதலில் அந்த நேர்மையை மதியுங்கள். அவர்களோடு சேர்ந்து போய் டாக்டரைக் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தை இப்படிப் பிறந்தால் தாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், ராசி சரியில்லை. எதுவும் காரணமில்லை. இதயம் கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடியாது. மரபு ஒரு பங்கு. கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை, சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணமும் ஓரளவு கூட்டும். இதில் தாயின் குற்றம் எங்கே வந்தது?

இரண்டு இதழ் வால்வு சில குடும்பங்களில் வழிவழியாக வரும். ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பிறவி இதயக் குறையோடு வளர்ந்தவர்கள் தாயாகவோ தகப்பனாகவோ ஆகும்போது, ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் இதயத்தை வயிற்றிலேயே எக்கோ மூலம் பார்க்கலாம்.

கைக்குழந்தை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, கொஞ்சம் குடித்ததும் களைத்து விட்டுவிடுவது, வேகமாக மூச்சு விடுவது, எடை ஏறாதது, திரும்பத் திரும்பச் சளி நெஞ்சில் கட்டுவது, நாக்கும் உதடும் நீலமாவது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் "இதயத்தில் சத்தம் கேட்கிறது" என்றால் அலற வேண்டாம். குழந்தைகளுக்குப் பல சத்தங்கள் ஒன்றுமில்லாதவை. எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும்.

செலவுக்குப் பயந்து யாரும் நிற்க வேண்டியதில்லை. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. 18 வயது வரை பிறவி இதயக் குறையைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதும் அதில் சேர்ந்ததுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.

ஆனால் அந்த 18 வயதுதான் எனக்குப் பெரிய கவலை. பையன் காலேஜுக்கு வெளியூர் போகிறான். குழந்தை டாக்டர், "இனிமேல் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போ" என்கிறார். யாரிடம் போவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய வைத்தியத்தின் மிச்சம் தலைகாட்டுவதோ அதற்குப் பிறகுதான். கடைசி செக்கப்பிலேயே அடுத்த டாக்டரின் பெயரை எழுதி வாங்குங்கள். பிறவி இதயக் குறையைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது.

ஆசிரியராக வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வால்வு சரிசெய்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், எந்த விளையாட்டு ஆடலாம், எது கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். லேசான குறை உள்ள பலர் எல்லா விளையாட்டும் ஆடலாம். கடுமையான பெருந்தமனி வால்வு குறுகல் இருந்தால் போட்டி விளையாட்டு கூடாது. உங்களுக்கு நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஓடும்போது அந்தப் பிள்ளை தானாக நின்றால், "ஏன் நின்றாய்" என்று விரட்டாதீர்கள். மயங்கினாலோ, நெஞ்சு வலி என்றாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் பதிவில் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா?

1. ஃபைலைக் கீழே இறக்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, கடைசி எக்கோ ரிப்போர்ட் மூன்றையும் செல்போனில் படம் பிடித்து, வீட்டில் இரண்டு பேரிடம் வையுங்கள். வால்வு வைத்திருந்தால் அதன் அட்டையை மணிபர்ஸில் வையுங்கள்.

2. கடைசி செக்கப் எப்போது என்று பாருங்கள். டாக்டர் சொன்ன தேதி தாண்டியிருந்தால் இந்த வாரமே டோக்கன் போடுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போது போவதற்குப் பெயர்தான் செக்கப்.

3. பல்லைக் கவனியுங்கள். சொத்தைப் பல், வீங்கிய ஈறு வழியாகக் கிருமி இரத்தத்தில் ஏறிக் குறையுள்ள வால்வில் உட்கார்ந்துவிடும். பல் டாக்டரிடம் போனால் முதலில் வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள். மாற்று வால்வு உள்ளவர்கள் போன்ற சிலருக்குப் பல் பிடுங்கும் முன் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் காய்ச்சல் இருந்தாலும் வால்வைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

4. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆவதற்குள் மூன்று வாக்கியம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். "எனக்குப் பிறவியில் இருந்த குறை இது." "இந்த வயதில் இந்தச் சிகிச்சை செய்தார்கள்." "அடுத்த செக்கப் இந்த மாதம்." வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கவில்லையா? அப்படிச் சொல்லிக்கொடுங்கள். வெட்கப்படாமல், பயப்படாமல் சொல்லப் பழகட்டும். பெண் பிள்ளை என்றால் இன்னும் கட்டாயம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், வெளிப்படையாகக் கேட்கத் தயங்கினால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வைத்தியம் சொல்லமாட்டேன், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை உட்கார்ந்து எழுதித் தருகிறேன். நான்காவது பாடத்தை முடித்தவர்கள் பிள்ளை சொன்ன மூன்று வாக்கியத்தைக் குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்